ஒரு கப் மாவு எத்தனை கிராம்? சமையல் அளவைத் 'தலைதட்டி' வைத்த ஃபேனி ஃபார்மரின் கதை

யூடியூபில் ஒரு கேக் வீடியோ பார்க்கிறீர்கள். இரண்டு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, அரை கப் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். சிம்பிள்தானே என்று காபி மக்கை எடுத்து அளந்து போடுகிறீர்கள். அவர்கள் சொன்ன அதே சூடு, அதே நேரம். ஆனால் ஓவனிலிருந்து வெளியே வருவது கேக் இல்லை, செங்கல்!

எங்கே சொதப்பியது? பெரும்பாலும் ஓவனில் இல்லை, அந்த மக்கில்தான். அவர்கள் சொன்ன கப் வேறு, நீங்கள் எடுத்த கப் வேறு. கப் ஒன்றாகவே இருந்தாலும், அதில் மாவை அள்ளிய விதம் வேறாக இருந்திருக்கலாம்.

கப் என்றால் இவ்வளவுதான், ஸ்பூன் என்றால் இவ்வளவுதான், இரண்டையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று 130 ஆண்டுகளுக்கு முன்பே பிடிவாதமாகச் சொன்னவர் ஒரு அமெரிக்கப் பெண். பெயர் ஃபேனி மெரிட் ஃபார்மர். தலைதட்டு அளவுகளின் தாய் என்றே அவருக்குப் பட்டப்பெயர் உண்டு. இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான ஆங்கில ரெசிபிகள் அவர் பிரபலமாக்கிய பாணியில்தான் எழுதப்படுகின்றன. அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், கப்பை கிராமாக மாற்றுவதில் நமக்கு ஏன் இவ்வளவு குழப்பம் என்பதும் சேர்த்தே புரிந்துவிடும்.

யார் இந்த ஃபேனி?

1857 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார் ஃபேனி. அப்பா அச்சுத் தொழிலில் இருந்தவர். நான்கு மகள்களில் ஃபேனிதான் மூத்தவர். பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள மெட்ஃபோர்டில் வளர்ந்தார். பெண்களைப் படிக்க வைக்க வேண்டும் என்று நினைத்த குடும்பம் அது. மூத்த மகள் கல்லூரிக்குப் போவாள் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய எதிர்பார்ப்பும்.

பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, சுமார் 16 வயதில், பக்கவாதம் தாக்கியது. அது போலியோவாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் எழுதியவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். பல ஆண்டுகள் அவரால் நடக்க முடியவில்லை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. கல்லூரிக் கனவும் அதோடு போனது.

மெல்ல மெல்ல எழுந்து நடக்கத் தொடங்கினார். ஆனால் காலை இழுத்து நடக்கும் நிலை வாழ்நாள் முழுக்க மாறவில்லை. வீட்டில் இருந்த காலத்தில் அவர் கை வைத்த இடம் அடுப்படி. அம்மா அப்போது வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, சாப்பாடும் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று பெயர் வரத் தொடங்கியது.

30 வயதில் மறுபடியும் மாணவி

பின்னர் ஷா என்ற குடும்பத்தில் வீட்டு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஃபேனியின் கைமணத்தைப் பார்த்த அந்த வீட்டு அம்மா, பாஸ்டன் சமையல் பள்ளியில் சேர்ந்து முறையாகப் படிக்கச் சொன்னார்.

1879-ல் தொடங்கப்பட்ட பள்ளி அது. சமையலை ஒரு தொழிலாகக் கற்று, அதை வைத்துப் பிழைக்க விரும்பும் பெண்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். வீட்டு வேலையையும் அறிவியலாகப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு அமெரிக்காவில் சூடுபிடித்திருந்த நேரம். ஊட்டச்சத்து, சுத்தம், நோயாளிகளுக்கான சமையல் எல்லாம் பாடங்கள்.

சேரும்போது ஃபேனிக்கு வயது 30. மற்றவர்கள் வாழ்க்கையில் செட்டில் ஆகிவிடும் வயதில், காலை இழுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். 1889-ல் படிப்பை முடித்தார். பள்ளி அவரை விடவில்லை, துணை முதல்வராக அங்கேயே வைத்துக்கொண்டது. 1890-களின் முதல் பாதியிலேயே அந்தப் பள்ளியின் முதல்வர் ஆனார்.

அதுவரை எப்படி அளந்தார்கள்?

நம் வீட்டுப் பெரியவர்களிடம் ரெசிபி கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் உப்பு, ஒரு கை மாவு, நெல்லிக்காய் அளவு புளி என்பார்கள். அந்தக் கால அமெரிக்காவிலும் இதே கதைதான். முட்டை அளவு வெண்ணெய், ஒரு டீ கப் மாவு, ஒரு ஒயின் கிளாஸ் பால், குவித்த ஒரு ஸ்பூன் சர்க்கரை.

பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவர்களுக்கு இதில் பிரச்சினையே இல்லை. அம்மாவின் டீ கப் எது, அம்மா எவ்வளவு குவிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த அளவு புத்தகத்தில் இல்லை, அம்மாவின் கையில் இருந்தது. ஆனால் அந்தக் கை பக்கத்தில் இல்லாதவர் என்ன செய்வார்? வேலைக்காக ஊர் மாறியவர், புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர், அம்மாவை இழந்தவர்? இவர்களுக்கு அந்த ரெசிபி பாதிதான் கிடைத்தது.

ஃபேனிக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஷா வீட்டுச் சின்னப் பெண்ணுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கும்போது, வெண்ணெய் இந்த அளவு, உப்பு ஒரு சிட்டிகை என்று சொன்னாராம். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லையாம். கேள்வி மேல் கேள்வி கேட்டதாம். பலமுறை சொல்லப்பட்டு மெருகேறிய கதை இது. ஆனால் கதையின் மையத்தில் இருப்பது நிஜப் பிரச்சினை. முதல்முறை சமைப்பவருக்குக் கொஞ்சம் என்பது ஒரு அளவே இல்லை.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கப், ஸ்பூன் அளவுகளை முதலில் கண்டுபிடித்தவர் ஃபேனி இல்லை. அதே பாஸ்டன் பள்ளியில் அவருக்கு முன்பு பாடம் எடுத்த மேரி லிங்கன் 1884-லேயே ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டிருந்தார். ஃபேனி செய்தது, தலைதட்டுவதை விதியாக்கியது. குவித்தல், லேசாகக் குவித்தல் என்ற ஊகங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, புத்தகம் முழுக்க ஒரே முறை.

நம்பாத பதிப்பகம், விற்றுத் தீர்ந்த புத்தகம்

1896-ல் ஃபேனியின் பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம் வெளியானது. 1,800-க்கும் மேற்பட்ட ரெசிபிகள். கூடவே உணவில் என்ன சத்து, சூட்டில் என்ன நடக்கிறது, எதை எப்படி அளப்பது என்று விளக்கங்கள்.

லிட்டில் பிரவுன் என்ற பதிப்பகத்துக்கு இது விற்கும் என்ற நம்பிக்கை இல்லை. 3,000 பிரதிகள் மட்டும் அடிப்போம், செலவு உங்களுடையது என்றார்கள். ஃபேனி ஒப்புக்கொண்டார். செலவு அவருடையது என்பதால் காப்புரிமையும் அவரிடமே இருந்தது.

நடந்தது அப்படியே தலைகீழ். அச்சடித்தது தீரத் தீர மறுபதிப்புகள் வந்தன. 1906-ல் திருத்திய பதிப்பும் வந்தது. ஃபேனி இறக்கும்போது 3,60,000-க்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருந்தன. அவருக்குப் பிறகும் பலர் கையில் திருத்தப்பட்டு, ஃபேனி ஃபார்மர் சமையல் புத்தகம் என்ற பெயரில் பல தலைமுறைகளைத் தாண்டி விற்றது. அந்த 3,000 பிரதிக்குக் கையிலிருந்து பணம் போட்டதுதான் ஃபேனி தன் வாழ்க்கையில் எடுத்த பெரிய ரிஸ்க். அதுவே அவரைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது.

தலைதட்டுவது எப்படி?

நம் ஊரில் படியால் அரிசி அளப்பவர்களுக்கு இது புதிதில்லை. படி நிறையக் கொட்டி, மேலே குவிந்து நிற்பதை வழித்துவிட்டால் அது தலைதட்டிய அளவு. ஃபேனி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் மாவுக்கு இன்னும் சில கண்டிஷன்கள் போட்டார்.

முதலில் மாவைச் சலிக்க வேண்டும். பிறகு ஸ்பூனால் எடுத்து கப்பில் போட வேண்டும். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளக் கூடாது. கப்பை ஆட்டவோ தட்டவோ கூடாது. மேலே லேசாகக் குவிந்ததும், கத்தியால் விளிம்போடு சேர்த்து வழித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்பூனுக்கும் அதே கத்திதான். அரை ஸ்பூன் வேண்டுமா? தலைதட்டிய ஸ்பூனில் நீளவாக்கில் கத்தியால் கோடு போட்டு, ஒரு பாதியைத் தள்ளிவிடுங்கள். கால் ஸ்பூன் வேண்டுமென்றால் அந்தப் பாதியைக் குறுக்கே பிரியுங்கள். அரை ஸ்பூன், கால் ஸ்பூன் என்று தனித்தனி செட் இல்லாத வீட்டிலும் இது நடக்கும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மாவுத் துகள்களுக்கு நடுவே நிறைய காற்று இருக்கிறது. சலித்தால் காற்று கூடும். அழுத்தினால், தட்டினால் காற்று வெளியேறி இன்னும் கொஞ்சம் மாவு உள்ளே போகும். இன்றைக்கு நீங்கள் எடை மெஷின் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஸ்பூனால் போட்டு வழித்த ஒரு கப் மைதா சுமார் 120 கிராம் வரும். அதே கப்பை மைதா டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வரலாம். இரண்டு கப் மாவு போடும் கேக்கில் வித்தியாசம் 60 கிராம். செங்கல் எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறதா?

அப்புறம் ஏன் எடையில் சொல்லவில்லை?

நியாயமான கேள்வி. தராசு இருந்தால் இந்தச் சலித்தல், தலைதட்டல் எதுவுமே வேண்டாமே. ஐரோப்பிய சமையலறைகளில் தராசுதான் ராஜா. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ரெசிபிகள் இன்றும் கிராமில்தான் இருக்கின்றன.

அமெரிக்காவில் கதை வேறு. குடியேறிகள் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்த நாடு அது. தராசைத் தூக்கிக்கொண்டு போவதைவிட ஒரு கப்பை எடுத்துக்கொண்டு போவது சுலபம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஃபேனியின் வாசகர்கள் வீட்டில் தராசு இருக்கும் என்று நம்பி எழுத முடியாது. ஆனால் எல்லோர் வீட்டிலும் ஒரு கத்தி இருக்கும். அரை பைன்ட் பிடிக்கும் அளவு கப்பும் கடையில் கிடைத்தது.

அவர் எடையை மறந்துவிடவும் இல்லை. எத்தனை கப் சேர்ந்தால் ஒரு பவுண்டு என்று புத்தகத்தில் ஒரு பட்டியலே கொடுத்தார். மாவு 4 கப், சர்க்கரை 2 கப், அழுத்தி நிரப்பிய வெண்ணெய் 2 கப். ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். கணக்குப் போட்டால் அவருடைய ஒரு கப் மாவு 113 கிராம், ஒரு கப் சர்க்கரை 227 கிராம். ஒரே கப்தான், ஆனால் எடை சரியாக இரண்டு மடங்கு!

கூகுளில் ஒரு கப் எத்தனை கிராம் என்று பொதுவாகத் தேடும்போது குழம்புவது இதனால்தான். கப் என்பது இடத்தின் அளவு. கிராம் என்பது எடையின் அளவு. நடுவில் இருப்பது அந்தப் பொருளின் அடர்த்தி. எந்தப் பொருள் என்று சொல்லாமல் கப்பை கிராமாக மாற்றவே முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். இன்றைய பட்டியல்களில் ஒரு கப் சர்க்கரை 200 கிராம்தான். ஃபேனியின் பட்டியலிலோ 227. மாவு அவருக்கு 113, இன்று 120 முதல் 125 வரை. இவ்வளவு கண்டிப்பாக அளந்தவரின் கணக்குக்கும் இன்றைய கணக்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அவருடைய முறையின் எல்லை இதுதான். இன்று சமைத்ததை நாளையும் அதேபோலச் சமைக்கத் தலைதட்டிய கப் உதவும். எடையைத் துல்லியமாகச் சொல்வது அதன் வேலை இல்லை.

நோயாளியின் தட்டில் கொஞ்சம் கூடினால்?

1902-ல் ஃபேனி பழைய பள்ளியிலிருந்து விலகி, மிஸ் ஃபார்மர் சமையல் பள்ளி என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார். பழைய பள்ளி ஆசிரியர்களை உருவாக்குவதில் கவனம் வைத்தது. இவர் வீட்டில் சமைப்பவர்களைக் குறிவைத்தார். செவிலியர்களுக்கும் வகுப்பு எடுத்தார்.

1904-ல் நோயாளிகளுக்கும் நோயிலிருந்து தேறுபவர்களுக்குமான உணவு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தன் வேலைகளிலேயே இதைத்தான் முக்கியமானதாக அவர் நினைத்தார். நீரிழிவு நோயாளிகளின் உணவும் அதில் இடம்பெற்றது. இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது, நீரிழிவுக்கு உணவுக் கட்டுப்பாடுதான் கையில் இருந்த பெரிய ஆயுதம். கேக்கில் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடினால் கேக் கெடும், அவ்வளவுதான். நோயாளியின் தட்டில் கூடினால் கதையே வேறு.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் அவர் உணவு பற்றிப் பேசினார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்ற ஒருவர், கல்லூரிக்கே போகாதவர், மருத்துவம் படிப்பவர்களுக்கு உணவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். இளம் வயதில் பல ஆண்டுகள் அவரே நோயாளியாகப் படுத்திருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாரோ கொண்டுவந்து கொடுக்கும் தட்டுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி வரை மேடையில்

தங்கையோடு சேர்ந்து உமன்ஸ் ஹோம் கம்பானியன் என்ற பத்திரிகையில் சுமார் பத்து ஆண்டுகள் சமையல் பகுதி எழுதினார். ஊர் ஊராகப் போய்ச் சமைத்துக் காட்டிப் பேசினார். பாஸ்டன் செய்தித்தாளில் அவருடைய பேச்சுகள் வெளியாகின.

உடல் மறுபடியும் கைவிட்டது. வாழ்க்கையின் கடைசி ஏழு ஆண்டுகளில் அவருக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டது. வகுப்புகளை மட்டும் நிறுத்தவில்லை. உட்கார்ந்தபடியே பேசினார். இறப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன்புகூட ஒரு உரை நிகழ்த்தினார். 1915 ஜனவரி 15 அன்று, 57 வயதில் காலமானார்.

அளவு வந்துவிட்டால் சமையலில் கைமணம் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. அனுபவம் உள்ளவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஃபேனி எழுதியது அவர்களுக்காக இல்லை. சொல்லித்தர யாரும் பக்கத்தில் இல்லாமல், ஒரு புத்தகத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிற்பவருக்காக எழுதினார். வேலைக்காக வேறு ஊரில் ரூம் எடுத்து, போனில் ரெசிபி பார்த்துச் சமைக்கும் நமக்கும் அது அப்படியே பொருந்தும்.

சரி, நம் கிச்சனுக்கு என்ன டிப்ஸ்?

முதலில் எந்த கப் என்று பாருங்கள்:

• அமெரிக்க ரெசிபி என்றால் ஒரு கப் சுமார் 240 மில்லி
• ஆஸ்திரேலிய ரெசிபி என்றால் 250 மில்லி
• ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அதை வைத்து கேக்குக்கு அளக்காதீர்கள்
• 3 டீஸ்பூன் சேர்ந்தால் ஒரு டேபிள்ஸ்பூன், 16 டேபிள்ஸ்பூன் சேர்ந்தால் ஒரு கப். ஆஸ்திரேலியாவில் மட்டும் டேபிள்ஸ்பூன் கொஞ்சம் பெரியது, 20 மில்லி

தலைதட்டிய ஒரு அமெரிக்க கப், தோராயமாக:

• மைதா: 120 முதல் 125 கிராம்
• சர்க்கரை: 200 கிராம்
• பொடித்த சர்க்கரை: 120 கிராம்
• வெண்ணெய்: 227 கிராம்
• ஓட்ஸ்: 90 கிராம்
• பச்சை அரிசி, புழுங்கல் அரிசி: 185 முதல் 200 கிராம்

கிராமை கப்பாக மாற்ற வேண்டுமென்றால், ரெசிபியில் உள்ள கிராமை இந்த எண்ணால் வகுத்தால் போதும். உதாரணமாக 300 கிராம் மைதா என்றால், 300-ஐ 120-ஆல் வகுத்தால் இரண்டரை கப்.

சாம்பார், பொரியலுக்கு இதெல்லாம் வேண்டாம், கண் அளவே போதும். கேக், பிரெட், பிஸ்கட் என்று இறங்கினால் சின்ன டிஜிட்டல் எடை மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். அது வரும்வரை ஃபேனி சொன்னது கைகொடுக்கும். மாவைச் சலியுங்கள், ஸ்பூனால் கப்பில் போடுங்கள், தட்டாதீர்கள், கத்தியால் வழித்துவிடுங்கள். மிக முக்கியமாக, முதல் பொருளை எந்த கப்பில் அளந்தீர்களோ, கடைசிப் பொருள் வரை அதே கப்பில் அளங்கள்.